‘வசதி இல்லை’ என்று சாகடிக்கப்பட்ட ஐந்து மருத்துவக் கல்லூரிகள்

மருத்துவக் கல்வியில் இடஒதுக்கீடு பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் ‘தரம்’ என்ற சொல் நம் முகத்தில் வீசப்படுகிறது. அதற்குக் கோபத்தால் மட்டும் பதில் சொன்னால் போதாது தோழர்களே. தரத்தை அளக்கிறவர் யார், எதை வைத்து அளக்கிறார், அளந்து முடித்த பிறகு யாருடைய கதவு அடைக்கப்படுகிறது என்று நாம் கேட்க வேண்டும். இப்படிக் கேட்கக் கற்றுக்கொள்ள, அமெரிக்காவின் கறுப்பின மருத்துவக் கல்லூரிகளுக்கு நேர்ந்ததைத் தெரிந்துகொள்வது அவசியம்.

1865இல் உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. விடுதலையான சுமார் 40 லட்சம் மக்களுக்கு நிலமும் இல்லை, மருத்துவரும் இல்லை. வெள்ளையர்களின் மருத்துவக் கல்லூரிகள், ஒருசில தவிர, அவர்களைச் சேர்க்கவில்லை. எனவே தனிக் கல்லூரிகள் எழுந்தன. வாஷிங்டனில் ஹோவர்ட் பல்கலைக்கழகம் 1868இல் மருத்துவ வகுப்புகளைத் தொடங்கியது. 1876இல் நாஷ்வில் நகரில் மெஹாரி வந்தது. பிறகு ராலேவில் லெனார்ட், நியூ ஆர்லியன்ஸில் ஃபிளின்ட், லூயிவில், நாக்ஸ்வில், மெம்ஃபிஸ் நகரங்களில் ஒவ்வொன்று. 1910இல் இப்படி 7 கல்லூரிகள் இருந்தன. தேவாலய அமைப்புகள் தந்த பணம், சில கொடையாளர்கள், மாணவர்களின் சொற்பக் கட்டணம், இவைதான் பெரும்பாலும் அவற்றின் வருமானம். விடுமுறையில் ரயிலிலும் ஹோட்டலிலும் வேலை செய்து கட்டணம் கட்டிய மாணவர்கள் அங்கே படித்தார்கள்.

அந்த 1910இல்தான் ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னரின் அறிக்கை வெளிவந்தது. அவர் மருத்துவர் அல்ல, பள்ளி நடத்திய கல்வியாளர். கார்னகி அறக்கட்டளை அவரை நியமித்தது. அமெரிக்க மருத்துவச் சங்கம் துணை நின்றது. அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவக் கல்லூரிகளை அவர் எடைபோட்டார். ஒவ்வொரு கல்லூரிக்கும் அதே தலைப்புகள்: நுழைவுத் தகுதி, மாணவர் எண்ணிக்கை, ஆசிரியர்கள், வருமானம், ஆய்வக வசதி, மருத்துவமனை வசதி.

நியாயமாகவே பேசுவோம். அன்று பல கல்லூரிகள் உண்மையிலேயே மோசமாக இருந்தன. லாபத்துக்காக நடந்த வெள்ளையர் கல்லூரிகளும் அதில் ஏராளம். ஆய்வகம் என்று ஓர் அழுக்கறை, நோயாளியைத் தொடாமலே பட்டம். இப்படிப்பட்டவை மூடப்பட்டதால் ஏழை நோயாளிகளுக்கும் நன்மைதான். நல்ல மருத்துவர் வேண்டும் என்பது முதலில் நம்முடைய கோரிக்கை. பிரச்சினை அளவுகோல் வைத்ததில் இல்லை. எல்லாரும் ஒரே இடத்திலிருந்து புறப்பட்டவர்கள் போலப் பாவித்து அந்த அளவுகோலை நீட்டியதில் இருக்கிறது.

ஃபிளெக்ஸ்னர் முன்மாதிரியாக வைத்தது பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் கல்லூரியை. ஒரு வணிகர் எழுதி வைத்த 70 லட்சம் டாலர் பல்கலைக்கழகத்துக்கும் மருத்துவமனைக்குமாகப் பிரிந்தது. 1889இல் மருத்துவமனை, 1893இல் மருத்துவக் கல்லூரி. வார்டும் ஆய்வகமும் வகுப்பறையும் ஒரே வளாகத்தில். மாணவர் நோயாளியின் படுக்கையருகே நின்று கற்றார். இன்று உலகம் முழுக்க மருத்துவக் கல்லூரிக்குச் சொந்தமாக ஒரு மருத்துவமனை வேண்டும் என்று கேட்கப்படுவதற்கு இந்த மாதிரி ஒரு முக்கியக் காரணம்.

அந்தப் படுக்கையில் யார் கிடந்தார்? நிறம் பாராமல் ஏழைகளுக்குச் சிகிச்சை தர வேண்டும் என்று ஹாப்கின்ஸ் எழுதி வைத்திருந்தார். கறுப்பின நோயாளிகள் சேர்க்கப்பட்டார்கள், ஆனால் தனி வார்டில். 1951இல் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் புற்றுநோய்ச் செல்கள் அவருடைய அனுமதி இல்லாமல் ஆராய்ச்சிக்கு எடுக்கப்பட்டது இந்த மருத்துவமனையில்தான். அதே வளாகத்தின் மருத்துவக் கல்லூரி முதன்முதலாகக் கறுப்பின மாணவர்களைச் சேர்த்தது 1963இல். எழுபது ஆண்டுகளாகக் கறுப்பு உடல் அங்கே பாடமாக இருந்தது. பாடம் படிக்கும் இடத்தில் அது இல்லை.

இனி அறிக்கைக்கு வருவோம். கறுப்பின மக்களின் மருத்துவக் கல்விக்கு ஃபிளெக்ஸ்னர் ஒதுக்கியது சுமார் இரண்டே பக்கம். கறுப்பின மருத்துவர் தன் மக்களுக்கு மட்டுமே வைத்தியம் பார்ப்பார் என்று அதில் எடுத்துக்கொண்டார். ஒரு கோடிக் கறுப்பர்கள் வெள்ளையர்களோடு கலந்து வாழ்வதால், அவர்களுடைய நோய் வெள்ளையர்களுக்கும் தொற்றும், எனவே அவர்களுக்குச் சுகாதாரம் கற்பிக்கச் சிலரைப் பயிற்றுவிப்பது நல்லது என்பது அவருடைய வாதத்தில் ஒன்று. 7 கல்லூரிகளில் ஹோவர்ட், மெஹாரி இரண்டை மட்டும் வளர்த்தால் போதும் என்றார். மற்ற ஐந்தும் 1923க்குள் மூடப்பட்டன.

ஹோவர்ட் ஏன் பிழைத்தது? அங்கே படித்தவர்கள் மட்டும் அதிபுத்திசாலிகள் என்பதாலா? இல்லை. போர்க்காலத்தில், 1862இல், அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்தவர்களுக்காக அரசு தொடங்கிய ஃப்ரீட்மென்ஸ் மருத்துவமனை அதன் பக்கத்தில் இருந்தது. ஃபிளெக்ஸ்னர் வருவதற்குச் சற்று முன்புதான் அரசுப் பணத்தில் அதற்குப் புதுக் கட்டடமும் எழுந்திருந்தது. அரசு கட்டிய மருத்துவமனை, அரசு தந்த படுக்கைகள். ‘வசதி’ என்ற தலைப்பில் ஹோவர்டுக்கு மதிப்பெண் வாங்கித் தந்தது அதுதான்.

மற்ற கல்லூரிகளின் நிலையை நியூ ஆர்லியன்ஸில் பாருங்கள். அங்கே சாரிட்டி என்ற மிகப்பெரிய பொது மருத்துவமனையில் கறுப்பின ஏழைகள் நிறைந்திருந்தார்கள். அந்த வார்டுகளில் கற்றவர்கள் வெள்ளையர்களின் டுலேன் பல்கலைக்கழக மாணவர்கள். அதே ஊரின் ஃபிளின்ட் மாணவர்களுக்கு அங்கே இடமில்லை. பிழைத்துக்கொண்ட ஹோவர்டுக்கும் இந்தச் சுவர் இருந்தது. வாஷிங்டனின் நகர மருத்துவமனையான காலிங்கர், ஹோவர்ட் மாணவர்களுக்குத் திறந்தது 1940களின் பிற்பகுதியில்தான். முதலில் மருத்துவமனைக் கதவை அடைக்கிறார்கள். பிறகு உன்னிடம் மருத்துவமனை வசதி இல்லையே என்று எழுதுகிறார்கள். அதன் பிறகு கல்லூரியை மூடுகிறார்கள். இந்த மூன்றும் தனித்தனியே நடப்பதால் யாருடைய கையிலும் ரத்தம் தெரிவதில்லை.

வெள்ளையர்களுடைய கல்லூரிகளும் மூடப்பட்டனவே என்று கேட்கலாம். ஒரு வெள்ளை இளைஞனின் கல்லூரி மூடப்பட்டால் அடுத்த ஊரில் இன்னொன்று இருந்தது. கறுப்பின இளைஞனுக்கு நாடு முழுவதிலும் மிஞ்சியது பெரும்பாலும் இரண்டே வாசல். அடுத்த அரை நூற்றாண்டில் கறுப்பின மருத்துவர்களில் பெரும்பாலோர் அந்த இரண்டு வாசல் வழியாகவே வந்தார்கள். அந்த ஐந்தும் இயங்கியிருந்தால் 2019 வரை சுமார் 35,000 மருத்துவர்கள் கூடுதலாக வந்திருப்பார்கள் என்று 2020இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிடுகிறது. கறுப்பின மருத்துவர்களை ஒதுக்கி வைத்ததற்காக அமெரிக்க மருத்துவச் சங்கம் 2008இல் மன்னிப்புக் கேட்டது. ஃபிளெக்ஸ்னர் பெயரிலிருந்த விருதிலிருந்து அவர் பெயர் 2020இல் நீக்கப்பட்டது. வராமல் போன மருத்துவர்களை எந்த மன்னிப்பும் கொண்டுவராது.

1946இல் பாபாசாகேப் அம்பேத்கர், கறுப்பினச் சிந்தனையாளர் டு போய்ஸுக்குக் கடிதம் எழுதினார். தம் மக்களின் நிலையும் அவர்களின் நிலையும் ஒத்திருப்பதைக் கண்டுதான் எழுதினார். நமக்கும் அந்த ஒப்பீடு தேவை. நம் நாட்டில் வசதிகளின் உச்சம் என்று சொல்லப்படும் டெல்லி எய்ம்ஸில் நடந்ததைப் பாருங்கள். 2006இல் அமைக்கப்பட்ட தோரட் குழு, பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் விடுதியில் துன்புறுத்தப்பட்டு ஒரே பக்கமாக ஒதுங்க நேர்ந்ததையும், வைவாவிலும் செய்முறைத் தேர்விலும் பாகுபாடு இருப்பதாக அவர்கள் சொன்னதையும் 2007இல் பதிவு செய்தது. வளாகத்தில் எல்லா வசதியும் இருந்தது. அது எல்லாருக்கும் ஒன்றுபோலக் கிடைக்கவில்லை.

அடுத்த முறை ஒரு கல்லூரிக்கு ‘வசதி போதாது, இடங்களைக் குறைக்கிறோம்’ என்று செய்தி வந்தால், அங்கே யார் படிக்கிறார்கள் என்று பாருங்கள். அதற்கு நிதி தர வேண்டியவர் யார், எத்தனை ஆண்டாகத் தரவில்லை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அங்கே மூடினால் அந்தப் பிள்ளைகளுக்கு அடுத்த வாசல் எது என்று கேளுங்கள். விடுதி, நூலகம், வார்டு, ஆய்வகம் நான்கும் யார் யாருக்கு எந்த நேரத்தில் திறந்திருக்கின்றன என்று மாணவர்களிடமே கேட்டு எழுதி வையுங்கள். ஃபிளின்ட், லெனார்ட் கல்லூரிகளுக்காக இந்தக் கேள்விகளை அன்று உரத்துக் கேட்க அதிகாரத்தில் யாரும் இல்லை.