அறுவை அரங்கில் வீணாகும் மயக்க மருந்துகள்: நோயாளிகளும் உறவினரும் அறிய வேண்டியவை

அரசு மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைக்கான மயக்க மருந்து இலவசமாக அளிக்கப்படுகிறது. ஆயினும் அதற்கு விலை உண்டு. 1994-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மக்களின் வரிப்பணத்தில் மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து அரசு மருத்துவமனைகளுக்கு வழங்குகிறது. ஆலங்குடி வட்டாரத்திலிருந்து புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அறுவை சிகிச்சைக்குச் செல்வோருக்கும் இவ்வழியே மருந்து கிடைக்கிறது.

மருந்து ஏன் மீதமாகிறது?

மருந்துக் குப்பியின் அளவும் நோயாளிக்குத் தேவையான அளவும் பெரும்பாலும் ஒத்திருப்பதில்லை. புரோபோபால் பொதுவாக 20 மில்லி குப்பியில் 200 மில்லிகிராம் அளவில் வருகிறது. 50 கிலோ எடையுள்ள ஒருவரை மயக்கமுறச் செய்ய ஏறத்தாழ 100 மில்லிகிராம் போதுமானது. முதுகுத் தண்டில் செலுத்தப்படும் புபிவகெயின் 4 மில்லி ஆம்பூலில் வருகிறது. சிசேரியனுக்கு ஏறக்குறைய 2 மில்லி மட்டுமே தேவைப்படும்.

மற்றொரு காரணம் முன்னெச்சரிக்கை. இரத்த அழுத்தமோ இதயத் துடிப்போ திடீரெனக் குறைந்தால் நொடிகளில் மருந்து செலுத்த வேண்டும். ஆகவே அவசர மருந்துகள் முன்கூட்டியே சிரிஞ்சில் எடுத்து வைக்கப்படுகின்றன. தேவை ஏற்படாவிடில் அவை அகற்றப்படும். இது வீண்செலவு அன்று, உயிர்க்காப்புக்கான செலவு.

மீதியை அடுத்தவருக்குச் செலுத்தலாமா?

கூடாது. புரோபோபால் சோயா எண்ணெயும் முட்டைக் கொழுப்பும் கலந்த பால்மம். திறந்தபின் அதில் கிருமிகள் விரைந்து பெருகும். ஒருவருக்குப் பயன்படுத்திய சிரிஞ்சிலோ, ஒருமுறைப் பயன்பாட்டுக் குப்பியிலோ எஞ்சியதை மற்றவருக்குச் செலுத்தினால் இரத்தத்தில் கிருமித்தொற்றும் கல்லீரல் அழற்சியும் பரவக்கூடும். மிச்சப்படுத்தும் பணத்தைவிட இழப்பு மிகப் பெரிது.

எதைக் குறைக்கலாம்?

தேவைக்கேற்ற சிறிய குப்பியைத் தேர்ந்தெடுத்தல், உடனடித் தேவையற்ற மருந்தைத் திறக்காதிருத்தல், சுவாச மயக்க வாயுவைக் குறைந்த ஓட்டத்தில் அளித்தல், குளிர்பதனம் தேவைப்படும் மருந்துகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் பேணுதல் ஆகியவை மருத்துவமனையின் பொறுப்பு.

உங்கள் பங்கு

அரங்கில் மருந்து எடுத்து வைத்தபின் அறுவை சிகிச்சை தள்ளிப்போனால் மருந்தும் வீணாகும். காத்திருக்கும் மற்றொருவரின் வாய்ப்பும் பறிபோகும். ஆகவே:

• திட உணவு, பால், பால் கலந்த தேநீர் ஆகியவற்றை 6 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்துக. எண்ணெய்ப் பலகாரம், இறைச்சி எனில் 8 மணி நேரம். தாய்ப்பால் 4 மணி நேரம். வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்புவரை அருந்தலாம். மருத்துவர் வேறு நேரம் கூறியிருப்பின் அதையே பின்பற்றுக.
• வயிறு நிறைந்த நிலையில் மயக்கம் அளித்தால் உணவு நுரையீரலுக்குள் சென்று உயிருக்கே ஆபத்தாகலாம். ஏதேனும் உண்டிருப்பின் மறைக்காமல் கூறுக.
• சளி, காய்ச்சல் இருந்தால் முன்னதாகவே தெரிவிக்க.
• நீரிழிவு, இரத்த அழுத்தம், இரத்தம் உறையாமை ஆகியவற்றுக்கான மாத்திரைகளையும் நாட்டு மருந்துகளையும் மயக்கவியல் மருத்துவரிடம் காட்டுக. எதையும் தாமாக நிறுத்த வேண்டாம்.
• முந்தைய மயக்க மருந்து ஒவ்வாமை, ஆடும் பல் ஆகியவற்றைக் குறிப்பிடுக.

ஐயம் எழுந்தால் அறுவைக்கு முந்தைய பரிசோதனையின்போதே கேட்டுத் தெளிவு பெறுக.