வந்த படம் எங்கே அமரும்

ஒரே உருவத்தை ஒரு வரைபடத்தில் பலமுறை இடவேண்டிய தேவை பொறியியல் வரைகலைக்குப் புதியதன்று. ஒரு விடுதியின் தளப்படத்தில் நாற்பது கதவுகள் இருந்தால் நாற்பதும் பெரும்பாலும் ஒரே வகையாக இருக்கும். ஓர் இயந்திர மூடியில் எட்டு போல்ட்டுகள் இருந்தால் எட்டின் தலையும் ஒரே அறுகோணந்தான். இந்தத் தேவைக்குள் இரண்டு வேலைகள் அடங்கியிருக்கின்றன: உருவத்தைக் கொண்டுவருவது ஒன்று, கொண்டுவந்ததை உரிய இடத்தில், உரிய அளவில், உரிய திசையில் இருத்துவது மற்றொன்று. கணினிவழி வரைவின், அதாவது தொழிலில் ‘கேட்’ என்று வழங்கும் துறையின், அறுபதாண்டு வரலாற்றில் முதல் வேலைக்குத் தொடக்கத்திலேயே விடை கிடைத்துவிட்டது. இரண்டாவது வேலையோ ஒவ்வொரு தலைமுறை மென்பொருளிலும் வேறு வேறு வேடத்தில் திரும்பி வந்துகொண்டே இருந்தது.

தாளில் வரைந்த காலத்தில் இவ்விரண்டும் கையின் பொறுப்பில் இருந்தன. வட்டம், நீள்வட்டம், கழிப்பறைத் தொட்டி, மின்குறி முதலிய வடிவங்களைத் துளையாக வெட்டிய ‘டெம்ப்ளேட்’ என்னும் பிளாஸ்டிக் தகடு வரைவாளரின் மேசையில் எப்போதும் கிடக்கும். வட்ட டெம்ப்ளேட்டின் ஒவ்வொரு துளையின் விளிம்பிலும் நான்கு சிறு கீறல்கள் உண்டு. தாளில் முன்கூட்டியே மெல்லியதாக வரைந்துவைத்த குறுக்கு மையக்கோடுகளின்மீது அந்த நான்கு கீறல்களையும் பொருத்திய பிறகே பென்சில் துளைக்குள் இறங்கும். வடிவத்தைத் தந்தது துளை, இடத்தைத் தந்தவை கீறல்கள். முழுப் படங்களையே ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தவேண்டி வந்தபோது, 1970-களில் அமெரிக்கக் கட்டடக்கலை அலுவலகங்கள் சிலவற்றில், பாலியெஸ்டர் படலங்களின் மேல்விளிம்பில் வரிசையாகத் துளையிட்டு, அவற்றை மேசையில் பொருத்திய முளைப்பட்டையில் மாட்டும் முறை கையாளப்பட்டது. சுவர்களுக்கு ஒரு படலம், மின்கம்பிக்கு ஒன்று, குழாய்க்கு ஒன்று என அடுக்கப்பட்டவை தம்முள் நகராமல் நின்றதற்குக் காரணம் அந்த முளைகளே.

கணினியில் இதற்கு முதலில் முழுமையான விடை கண்டவர் ஐவன் சதர்லேண்ட். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1963 ஜனவரியில் அவர் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டின் பொருளாகிய ‘ஸ்கெட்ச்பேட்’, அக்கழகத்தின் லிங்கன் ஆய்வகத்திலிருந்த டிஎக்ஸ்-2 என்னும் கணினிக்கென எழுதப்பட்டது. ஒரு கையில் ஒளிப்பேனாவைப் பிடித்துத் திரையைச் சுட்டி, மறுகையால் பொத்தான்களை அழுத்தி வரையும் முறை அது. ஆய்வேட்டின் தொடக்கத்திலேயே அவர் தரும் எடுத்துக்காட்டு, ஒழுங்கற்ற ஆறுபக்க உருவம் ஒன்றைக் கிறுக்கி, அதன் முனைகள் ஒரு வட்டத்தின்மீது அமையவேண்டும், பக்கங்கள் சமமாக இருக்கவேண்டும் என்று கட்டளையிட்டு, அதை ஒழுங்கான அறுகோணமாக்குவதாகும். இத்தகைய கட்டளையைக் ‘கட்டுப்பாடு’ என்பர். கோடு எங்கே இருக்கிறது என்று சொல்லாமல், மற்றக் கோடுகளோடு அதற்குள்ள உறவு என்ன என்று மட்டும் சொல்வது அது. வட்டத்தை அழித்துவிட்டு, அந்த அறுகோணத்தையே தேன்கூடுபோல அடுக்கி, 900 அறுகோணங்கள் கொண்ட பரப்பை அரைமணிக்கும் குறைவான நேரத்தில் அவர் உருவாக்கினார். எப்படிச் செய்வது என்று யோசித்த நேரமும் அந்த அரைமணிக்குள் அடக்கம்.

அந்தத் தொள்ளாயிரமும் படியெடுத்தவை அல்ல என்பதே இதன் சிறப்பு. துணியில் அச்சுக்கட்டையால் குத்திய பூ, குத்திய நொடியிலேயே கட்டையிடமிருந்து விடுபட்டுவிடும். கட்டையைப் பின்னர் செதுக்கித் திருத்தினாலும் துணியிலிருக்கும் பூ மாறாது. ஸ்கெட்ச்பேடில் மூலப்படம் ஒன்று மட்டுமே உண்டு. மற்றவை அம்மூலத்தைச் சுட்டி நிற்கும் தோற்றங்கள். மூலத்தின் அறுகோணத்தை அரைவட்டமாக மாற்றியபோது, தேன்கூடாக இருந்த பரப்பு முழுவதும் மீன்செதில் வடிவமாயிற்று. ஒவ்வொரு தோற்றத்துக்கும் கணினி வைத்திருந்த கணக்கு வியக்கத்தக்க அளவு சிறியது: கிடைநிலை, குத்துநிலை, பருமன், சுழற்சி ஆகிய நான்கு எண்கள், அவ்வளவே. இவற்றோடு, மூலப்படத்தில் ‘ஒட்டுப்புள்ளிகள்’ என்று சில புள்ளிகளைக் குறித்துவைக்கவும் சதர்லேண்ட் வழிசெய்தார். தோற்றத்தை வேறொன்றோடு இணைக்கும்போது அப்புள்ளிகளே கொக்கியாகப் பயன்பட்டன. டெம்ப்ளேட்டின் நான்கு கீறல்களுக்குக் கணினியில் பிறந்த வாரிசு அவை என்று சொன்னால் மிகையாகாது.

அறைநிறைய நின்ற டிஎக்ஸ்-2-இலிருந்து இந்த எண்ணம் சாதாரண வரைவாளரின் மேசைக்கு வர ஏறத்தாழ இருபதாண்டுகள் ஆயின. ஆட்டோடெஸ்க் நிறுவனம் 1982 நவம்பரில் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் காட்டி, அவ்வாண்டின் இறுதியில் விற்கத் தொடங்கிய ஆட்டோகேட், சிறு கணினிகளில் ஓடியது. அதில் மூலப்படத்துக்குப் ‘பிளாக்’ என்று பெயர். பிளாக்கைப் படத்தில் இடும்போது மென்பொருள் கேட்கும் கேள்விகள் சதர்லேண்டின் நான்கு எண்களையே நினைவூட்டும்: எந்தப் புள்ளியில், எவ்வளவு பெருக்கத்தில், எத்தனை பாகை திருப்பி. பெருக்கம் மட்டும் கிடைக்கு ஒன்று, குத்துக்கு ஒன்று எனப் பிரிந்தது. அதனால் கிடைப்பெருக்கத்துக்கு −1 என்று தட்டினால் இடக்கைக் கதவு வலக்கைக் கதவாகிவிடும். பிளாக்குக்குள் எழுத்து இருந்திருந்தால் அதுவும் கண்ணாடியில் பார்த்ததுபோலத் திரும்பிவிடும். இதை அச்சுக்குப் போன பிறகு கண்டுபிடித்தவர்கள் குறைவாக இருக்க வழியில்லை.

ஒட்டுப்புள்ளியின் இடத்தில் ஆட்டோகேட் வைத்தது ‘பேஸ் பாயிண்ட்’ என்னும் ஒற்றை அடிப்புள்ளி. பிளாக்கை உருவாக்கும்போது இப்புள்ளியைக் காட்ட மறந்தால் படத்தின் ஆதிப்புள்ளியே, அதாவது பூச்சியம் பூச்சியம் என்னும் இடமே, அடிப்புள்ளியாகிவிடும். பின்னர் அந்தக் கதவைச் சுவரில் வைக்கச் சொடுக்கினால், சொடுக்கிய இடத்தில் ஒன்றும் இராது, கதவு எங்கோ தொலைவில் போய் நிற்கும். அலகும் இத்தகைய இன்னொரு பொறி. படத்திலிருந்தவை வெறும் எண்களாகையால், அங்குலக் கணக்கில் வரைந்த 36 அங்குலக் கதவு, மில்லிமீட்டர் கணக்கிலுள்ள படத்துக்குள் 36 மில்லிமீட்டர் கதவாக வந்து சுவர்க்கோட்டில் ஒரு தூசிபோலத் தெரியும்; 25.4 என்ற எண் வரைவாளர்களுக்கு மனப்பாடமானது இப்படித்தான். செருகும்போதே அலகை ஒப்பிட்டுத் தானாகப் பெருக்கிக்கொள்ளும் ஏற்பாடு ஆட்டோகேட் 2000-இல்தான் வந்தது. இதற்கு முன்பே, 1990-இல் வெளிவந்த 11-ஆம் பதிப்பு, வேறொரு கோப்பை உள்ளே கொண்டுவராமல் வெளியிலிருந்தபடியே காட்டும் ‘எக்ஸ்ரெஃப்’ என்னும் முறையைத் தந்திருந்தது. மூலக்கோப்பைத் திருத்தினால், அதைச் சுட்டும் படங்களெல்லாம் அடுத்தமுறை திறக்கும்போது திருந்தியிருக்கும். பாலியெஸ்டர் படலமும் முளைப்பட்டையும் வகித்த இடத்தை இவ்வாறு ஒரு கோப்பின் முகவரியும் ஓர் ஆதிப்புள்ளியும் எடுத்துக்கொண்டன.

ஆயினும் பிளாக் ஒருமுறை வைத்த இடத்தில் வைத்தபடியே கிடக்கும். சுவர் நகர்ந்தால் கதவு உடன் நகராது. உறவைச் சொன்னால் இடத்தை மென்பொருளே கணக்கிடும் என்ற சதர்லேண்டின் மற்றப் பாதி எண்ணம், 1980-களின் இறுதியில் வந்த புரோ/என்ஜினியர், 1995-இல் வந்த சாலிட்வொர்க்ஸ் போன்ற முப்பரிமாண மென்பொருள்களில்தான் பரவலான புழக்கத்துக்கு வந்தது. இவற்றில் ‘ஸ்கெட்ச்’ என்பது ஒரு தளத்தின்மீது வரையப்படும் இருபரிமாண வரைவு; அதை நீட்டியோ சுழற்றியோ திண்மப் பொருள் உருவாக்கப்படுகிறது. நூலகத்திலிருந்து எடுத்த ஸ்கெட்ச் பிளாக் ஒரு தளத்தில் வந்து விழும்போது அதற்கு மூன்று சுதந்திரங்கள் இருக்கும்: பக்கவாட்டில் நகரலாம், மேலும் கீழும் நகரலாம், சுழலலாம். சாலிட்வொர்க்ஸில் அப்போது அதன் கோடுகள் நீலமாகத் தெரியும். ஒரு முனையை ஆதிப்புள்ளியோடு ஒன்றச்செய்தால் முதல் இரண்டும் போகும், ஒரு கோட்டைக் கிடையாக்கினால் மூன்றாவதும் போகும்; அந்த நொடியில் கோடுகள் கறுப்பாகிவிடும். நீலம் மிஞ்சியிருக்கும் வரைவைக் கவனிப்பாரற்ற வேலையாகக் கருதும் பழக்கம் வடிவமைப்புக் கூடங்களில் வேரூன்றியதற்கு இந்த நிறமாற்றமே காரணம்.

இந்த உறவுகள் ஒரு மென்பொருளின் எல்லைக்குள் மட்டுமே உயிரோடிருந்தன என்பது இவ்வரலாற்றின் பெரிய குறை. கோப்புகளை மென்பொருள்களுக்கிடையே கைமாற்ற ஆட்டோடெஸ்க் 1982-இலேயே வகுத்த டிஎக்ஸ்எஃப் வடிவம் இன்றும் பட்டறைகளின் பொதுமொழியாக இருக்கிறது. லேசர் வெட்டும் இயந்திரத்துக்குப் போவதும் பெரும்பாலும் அதுவே. அது கோட்டின் இரு முனைகளின் எண்களைச் சுமக்குமேயன்றி, இந்தக் கோடு அந்த வட்டத்தைத் தொட்டு நிற்கவேண்டும் என்ற செய்தியை வேறொரு மென்பொருளின் ஸ்கெட்சுக்குக் கொண்டுசேர்ப்பதில்லை. ஆகவே அவ்வாறு வந்திறங்கும் ஒரு பல்சக்கரத்தின் வரைவு, பார்வைக்கு முழுமையாகவும் கைபட்டால் பல் பல்லாகப் பிரிந்து வருவதாகவும் இருக்கும். முனைகளை ஒன்றிணைத்து, தொடுகைகளை மறுபடி சொல்லி, மையத்தை ஆதிப்புள்ளியில் கட்டும் வேலை முழுவதும் வாங்கியவரின் தலையில் விழும்.

முப்பரிமாணத்தில் இருத்துதலுக்குப் புதிய சிக்கலும் சேர்ந்தது, ஏனெனில் ஸ்கெட்ச் இப்போது தாளில் அமரவில்லை, வளர்ந்துகொண்டிருக்கும் பொருளொன்றின் முகத்தில் அமர்கிறது. 2002 முதல் வெளிவரும் திறமூல மென்பொருளான ஃப்ரீகேட், பொருளின் முகங்களுக்கு வரிசை எண் கொடுத்து, ஆறாம் முகத்தில் இந்த ஸ்கெட்ச் என்று குறித்துவைக்கும். முந்தைய படி ஒன்றில் ஒரு துளையைச் சேர்த்தால் முகங்களின் வரிசை கலைந்து, ஆறாம் எண் வேறொரு முகத்துக்குப் போய்விட, ஸ்கெட்சும் அதன்பின்னே போய்ப் பக்கச்சுவரில் ஒட்டிக்கொள்ளும். இச்சிக்கலைப் பெருமளவு தணிக்கும் ஏற்பாடு 2024 நவம்பரில் வெளியான 1.0 பதிப்பில்தான் இடம்பெற்றது. அதுவரை அனுபவமுள்ளவர்கள் பொருளின் முகத்தை நம்பாமல், ஆதிப்புள்ளியின் மூன்று தளங்களில் ஒன்றிலோ, அதிலிருந்து அளந்து நிறுத்திய வெற்றுத் தளம் ஒன்றிலோ ஸ்கெட்சைக் கட்டிவந்தார்கள்; 1.0 வந்த பின்னும் அவர்களுள் பலர் அப்படியே கட்டுகிறார்கள்.