மொழி ஈட்டம் (நடத்தையியல் நோக்கு)

குழந்தை தன் சூழலிலிருந்து பெறும் தூண்டல், பாவனை, வலுவூட்டல் ஆகியவற்றின் மூலம் மொழியைப் பழக்கமாகக் கற்கிறது என விளக்கும் உளவியல் கோட்பாடு. இது கற்றல் கோட்பாடுகளுள் அடங்கும்.

கூறுகள்: அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் 1957இல் வெளியிட்ட நூலில் பேச்சைப் பயன்பாட்டின்படி வகைப்படுத்தினார். தேவையானதைக் கேட்டல், கண்டதைப் பெயரிடல், கேட்டதைத் திருப்பிச் சொல்லல், பிறர் பேச்சுக்கு மறுமொழி தரல் ஆகியன அவ்வகைகளுள் முதன்மையானவை. குழந்தை "தண்ணி" என்றதும் தண்ணீர் கிடைத்தால், அந்த வலுவூட்டலால் அச்சொல் நிலைபெறும். பயன் கிட்டாத சொல் மெல்ல மறையும்.

மறுப்பு: குழந்தைகள் முன்பு கேட்டிராத தொடர்களையும் ஆக்குவதை இக்கோட்பாடு விளக்கவில்லை என்று மொழியியலாளர் நோம் சோம்ஸ்கி 1959இல் வாதிட்டார்.

சிங்கப்பூர்ச் சூழல்: தமிழ் இங்கு ஆட்சிமொழிகள் நான்கனுள் ஒன்று, பள்ளிகளில் தாய்மொழிப் பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. எனினும், 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளர்களுள் ஏறத்தாழ 2.5 விழுக்காட்டினரே வீட்டில் தமிழை மிகுதியாகப் பேசினர். ஈசூன் போன்ற வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) நகரங்களில் வெவ்வேறு இனத்தார் அண்டை வீட்டாராக வாழ்வதால் பொதுவிடப் பேச்சில் ஆங்கிலமே பெரிதும் பயன் தருகிறது. ஆகவே, இந்நோக்கின்படி, தமிழுக்கான வலுவூட்டல் பெற்றோர், தாத்தா பாட்டி, பாலர் பள்ளி ஆசிரியர் ஆகியோரிடமிருந்தே பெரும்பாலும் கிடைக்க வேண்டியுள்ளது. 2000இல் தொடங்கப்பட்ட வளர்தமிழ் இயக்கம் தமிழ்ப் புழக்கத்தை ஊக்குவிக்கிறது.

முக்கியத்துவம்: மதியிறுக்கம் உள்ள குழந்தைகளுக்கான பேச்சுப் பயிற்சியில் இக்கோட்பாட்டின் முறைகள் இன்றும் பயன்படுகின்றன.