சவரக்கத்தியின் தோல்வார் எங்கே போச்சு?

தாம்பரம் சலூன்களில் இப்ப பாதி பிளேடு மாட்டின கத்திதான். முன்பு முடிதிருத்துபவரின் அடைப்பத்தில் தீட்டுகல்லும் தோல்வாரும் இருக்கும். கல் கூர் ஏற்றும். வார் அந்தக் கூரை நேராக்கும். வாரில் கத்தியின் முதுகு முன்னே போகணும். கூர் முன்னே போனால் வாரே அறுந்துடும்.

1904இல் ஜில்லெட் காப்புரிமை வாங்கிய பிளேடு, வீட்டுச் சவரத்தை மாற்றியது. சலூன் கத்தி அதையும் தாண்டி நின்றது. 1986இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவின் ஆய்வில் தெரியவந்தன. பிறகு 'ஆளுக்கொரு புது பிளேடு' என்ற விழிப்புணர்வு பரவியது. வார் கூர் தருமே தவிர, கிருமியைக் கொல்லாது.

வீட்டில் ஒரே முகத்துக்குப் பழகுறவங்களுக்கு அந்தப் பயம் இல்லை. கத்தியை மட்டும் இரவல் கொடுக்காதீங்க.