அது யாருடைய ஃபைல்?

போன மாதம் பிரான்சிலிருந்து வந்த மகள், பேத்தியின் ‘கர்னே த சாந்தே’யையும் கொண்டு வந்திருந்தாள். நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் கர்னே என்றால் மார்க் நோட்டு. அப்பாவிடம் கையெழுத்து வாங்கப் பயப்படுவோம். இது உடல்நலக் குறிப்பேடு. பிறந்த எடை, தடுப்பூசி எல்லாம் இருக்கும். டாக்டர் எழுதுவார், நோட்டு தாயிடம் இருக்கும்.

இதற்குப் பழைய கதை உண்டு. 1869-இல் மோன்பெலியே நகரத்து மருத்துவப் பேராசிரியர் ஃபோன்சாகிரீவ், தாய்மார்கள் குழந்தையின் உடல்நிலையைத் தாங்களே குறித்துவைக்க ஒரு சிறு ஏட்டை வெளியிட்டார். எப்போதோ வரும் டாக்டரைவிட எப்போதும் உடனிருப்பவள் கண்டது அதிகம் அல்லவா? 1942-இல் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இப்படி ஒரு ஏடு என்று சட்டமே வந்தது.

ஆனால் அந்தக் குழந்தை வளர்ந்து ஆஸ்பத்திரியில் படுத்தால் கதை வேறு. கேஸ் ஷீட்டில் உள்ளதை இன்னொரு டாக்டர் வழியாகத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நோயாளியே நேரில் கேட்டு வாங்கும் உரிமை 2002 மார்ச் 4 சட்டத்தில்தான் வந்தது. எட்டு நாளுக்குள் தர வேண்டும். ஐந்து ஆண்டுக்கு முந்தைய குறிப்பானால் இரண்டு மாதம். தாயின் ஏட்டிலிருந்து இதுவரை வர 133 ஆண்டுகள்!

சிரிக்க எனக்கு உரிமையில்லை. குமாஸ்தாவாக இருந்தபோது, “ஃபைலைக் கொஞ்சம் பார்க்கலாமா சார்?” என்று கேட்டவர்களிடம், “ஆபீஸ் ரெக்கார்டு, காட்டக்கூடாது” என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! அவர்கள் மனு, அவர்கள் நிலம். 2005-இல் தகவல் உரிமைச் சட்டம் வந்தபோது, வேலை கூடிவிட்டதே என்று முணுமுணுத்தவர்களில் நானும் ஒருவன்.

இரண்டு வருடம் முன்பு, வீட்டு மிஷினில் பார்த்த சர்க்கரை அளவை ஆறு மாதம் தேதிவாரியாக எழுதி ஒரு டாக்டரிடம் கொண்டுபோனேன். திறக்காமலே தள்ளிவைத்தார். அப்போது என் மேஜை முன்னால் நின்றவர்களின் முகம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

இப்போது வேறு டாக்டர். நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “ராத்திரி மாத்திரையைக் குறைக்கலாம்” என்றார்.

நம் நாட்டிலும் அதே 2002-இல் மருத்துவக் கவுன்சில் விதி வந்தது: நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் குறிப்புகளைத் தர வேண்டும். நண்பர்களே, கேட்டு வாங்குங்கள். வாங்கியதைத் தேதிவாரியாகக் கோத்து வையுங்கள். பழைய குமாஸ்தா சொல்கிறேன், துண்டுச் சீட்டு நிச்சயம் தொலையும்.