நாய்க்குப் பட்ட கடன்

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் பழைய நடுகல் ஒன்று உளது. முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில், கி.பி. 7ஆம் நூற்றாண்டில் எழுந்தது அது. கால்நடை காக்கும் பூசலில் உயிர் நீத்த வீரனோடு, அவன் வளர்த்த கோவிவன் என்னும் நாயின் உருவமும் அதில் செதுக்கப்பெற்றிருக்கிறது. கள்வர் இருவரைக் கடித்து, தலைவனைக் காத்து நின்ற செய்தியைக் கல்லெழுத்துக் கூறுகிறது. நாய்க்குப் பட்ட கடனைப் பெயரோடு பொறித்து வைத்த மரபு நம்முடையது.

மாணவ மணிகளே! அத்தகைய கடன் ஒன்று மருத்துவ வரலாற்றிலும் உண்டு.

விருத்தாசலத்தை அடுத்த எங்கள் கருவேப்பிலங்குறிச்சியில் முதிய நாய்கள் சிலவற்றை நான் கவனித்ததுண்டு. எவ்வளவு குடித்தும் தாகம் தணியாது. எவ்வளவு உண்டும் பசி அடங்காது. வயிறு பானைபோல் தொங்கும்; விலாவின் இருபுறமும் மயிர் உதிரும்; ஓடாத போதும் மூச்சிரைக்கும். ‘கிழட்டு நாய், அப்படித்தான் இருக்கும்’ என்பர் பெரியோர். இரவில் திண்ணையை நனைக்கிறதே என்று தண்ணீர்ச் சட்டியை எடுத்து வைப்பாரும் உளர். ஆயின் இவை யாவும் முதுமையின் குறிகள் அல்ல. குஷிங் நோயின் குறிகளாகவும் இருத்தல் கூடும்.

ஹார்வி குஷிங் (1869–1939) அமெரிக்க நாட்டு மூளை அறுவை மருத்துவர். மூளையின் அடியில் பட்டாணியளவே உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியின் பணி அவர் காலத்தில் தெளிவாகத் தெரியவில்லை. அதனை அறிய, பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் நிலையத்தில் அவரும் அவர்தம் துணைவரும் நாய்களிடமிருந்து அச்சுரப்பியை அகற்றி ஆராய்ந்தனர். 1910இல் முடிவுகளை வெளியிட்டனர். அவ்வாராய்ச்சியில் நாய்கள் பல மாண்டன. 1912இல் வெளிவந்த நூலில் இளம்பெண் ஒருத்தியின் விந்தையான நோயை அவர் விவரித்தார். 1932இல், அத்தகைய நோயாளர் பலரின் வரலாறுகளைத் தொகுத்து, பிட்யூட்டரியில் தோன்றும் நுண்ணிய கட்டியே காரணம் என்று நிறுவ முற்பட்டார்.

அக்கட்டி, சிறுநீரகங்களை ஒட்டியுள்ள அட்ரினல் சுரப்பிகளை ஓயாது தூண்டுகிறது. அவை கார்ட்டிசால் என்னும் சுரப்பை அளவின்றிப் பெருக்குகின்றன. நாய்களுக்கு இயல்பாக வரும் இந்நோயில் ஐந்தில் நான்கு பங்கு இவ்வகையதே. எஞ்சியதற்கு அட்ரினலில் எழும் கட்டி காரணம். சொறிக்காக ஸ்டீராய்டு மருந்தை நெடுநாள் கொடுப்பதாலும் இதே குறிகள் தோன்றும். அம்மருந்தையும் திடீரென நிறுத்துதல் ஆகாது.

மருந்தும் நாயின் வழியே வந்தது. டி.டி.டி. என்னும் பூச்சிக்கொல்லியை உண்ட நாய்களின் அட்ரினல் சுருங்கிப் போனதை 1949இல் ஆராய்ச்சியாளர் கண்டனர். அதிலிருந்து பிறந்தது மைட்டோடேன். 2008இல் டிரைலோஸ்டேன் என்னும் மருந்தை நாய்களுக்கென அமெரிக்க அரசு அனுமதித்தது. இவை பெரும்பாலும் நோயை வேரறுப்பதில்லை. கட்டுப்படுத்தித் துன்பத்தைத் தணிக்கின்றன.

நம் நாட்டிலும் இக்கல்வி புதிதன்று. சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் தொடங்கியது; 1936இல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து பட்டப்படிப்பை நடத்தலாயிற்று.

ஆகவே, வீட்டு நாய் முதுமையில் மிகுதியாக நீர் குடிப்பின் நீரை மறைத்தல் வேண்டா. நீரிழிவும் சிறுநீரக நோயும் இதே குறியைக் காட்டுமாதலால், குருதியைச் சோதித்தே துணிதல் வேண்டும். டிரைலோஸ்டேனை உணவோடு நாள்தோறும் தவறாது கொடுத்தல் வேண்டும். வாந்தியெடுத்து, உணவை மறுத்துச் சோர்ந்து கிடந்தால், மருந்தை நிறுத்தி மருத்துவரிடம் விரைதல் வேண்டும்; அளவு மிகுந்து கார்ட்டிசால் குறைந்துவிட்டதன் அடையாளம் அது.

நாய்கள் உயிர் கொடுத்து ஈட்டித் தந்த அறிவு மனிதனுக்குப் பயன்பட்டது. அதே அறிவால் ஒரு முதிய நாயின் தாகம் தணியுமாயின், பட்ட கடனில் ஒரு சிறு பகுதியேனும் தீரும்.