இடிதாங்கி மீது ஒரு புகார்

சென்ற பொதுக்குழுவில் மொட்டைமாடி இடிதாங்கியைப் பழுதுபார்க்கும் செலவு பேச்சுக்கு வந்தது. "அது இல்லாவிட்டால் இடி வேறெங்காவது விழுந்துவிட்டுப் போகும். நாமே ஏன் கூப்பிட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்?" என்று ஒருவர் கேட்டது உங்களுக்கு நினைவிருக்கும். சிலர் சிரித்தார்கள். ஆனால் இதே கேள்வி ஒருமுறை நீதிமன்றம் வரை போயிருக்கிறது.

பிரான்ஸின் வடக்கே சாந்த்-ஓமேர் என்ற ஊர். 1780-ல் விசெரி என்ற ஓய்வுபெற்ற வழக்கறிஞர் தன் வீட்டுக் கூரையில் இடிதாங்கி நட்டார். உச்சியில் முலாம் பூசிய வாள்முனை வேறு. பக்கத்து வீட்டு அம்மாள் பயந்துபோய் நகர அதிகாரிகளிடம் புகார் கொடுத்தார். 24 மணி நேரத்தில் கழற்றச் சொல்லி உத்தரவு வந்தது. விசெரி விடவில்லை, மேல்முறையீட்டுக்குப் போனார். 1783 மே மாதம் அராஸ் நகரில் அவருக்காக வாதாடி வென்ற 25 வயது வக்கீல் யார் தெரியுமா? பின்னாளில் பிரெஞ்சுப் புரட்சியில் பெயரெடுத்த ரோபெஸ்பியர்!

எனக்கு அந்த அம்மாள் மீதும் பாதி அனுதாபம் உண்டு. இடிதாங்கி மின்னலைத் தடுப்பதில்லை. விழுவதை வாங்கி மண்ணுக்குள் அனுப்புகிறது. மண்ணுக்குப் போகும் எர்த் பட்டை அறுந்திருந்தால் மின்சாரம் பக்கத்துக் குழாய்க்கும் கம்பிக்கும் தாவும். நம் பி பிளாக்கில் அறுந்து தொங்கும் பட்டையைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

அந்தக் காலத்தில் இடி மின்னலென்றால் ஐரோப்பாவில் தேவாலய மணியை அடிப்பார்கள், இடியை விரட்ட. உயரமான கோபுரம், நனைந்த கயிறு. மணியடித்தவர்களே மின்னலுக்குப் பலியானார்கள். நம் பாட்டிகளின் "அர்ஜுனா, அர்ஜுனா"வில் அந்த ஆபத்தாவது இல்லை.

தொலைபேசி வந்தும் உடனே விடியவில்லை. 1935 நவம்பரில் லண்டன் விம்போல் தெருவில் ஒரு வீடு தீப்பிடித்தது. அக்கம்பக்கத்தவர் ஒருவர் தீயணைப்புக்கு போன் செய்தார். மற்ற அழைப்புகளோடு வரிசையில் காத்திருக்க வைத்தார்கள். ஐந்து பெண்கள் இறந்தார்கள். அவர் கொதித்துப்போய் செய்தித்தாளுக்குக் கடிதம் எழுதினார். 1937-ல் லண்டனுக்கு 999 என்ற அவசர எண் வந்தது. நம் 112-ம் அதே வகைதான்.

இனி நம் விஷயம். மின்னல் விழுந்த வீட்டில் தீ உடனே கண்ணில் படாமல் போகலாம். ஃபால்ஸ் சீலிங்குக்குள், ஒயர் ஓடும் சுவருக்குள் புகைந்து, பிறகு வெளியே வரும். ஆகவே "நெருப்பு எதுவும் காணோமே" என்று சும்மா இருந்துவிடாதீர்கள். கருகிய வாடை, சூடான சுவர் இருந்தால் எல்லோரையும் படிக்கட்டு வழியாக இறக்கிவிட்டு 112-க்குச் சொல்லுங்கள். யாராவது விழுந்து கிடந்தால் தயங்காமல் தொடலாம். மின்னல் தாக்கியவர் உடலில் மின்சாரம் தங்குவதில்லை. மூச்சில்லை என்றால் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். பிளாக், மாடி, எந்த கேட் வழியாக வண்டி வரலாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரவில் பின் கேட் சாவி செக்யூரிட்டியிடம் இருக்கும்.